இடது பக்கம் விட்டுப்போன கோலம்

நீங்கள் சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், ஆவி, அருள் வாக்கு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் வேலை செய்கிற ட்ராவல் ஆபீஸ் காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் இருக்கிறது. தாயத்து, மந்திரித்த கயிறு, கிரகத்துக்கு ஒரு கல் வைத்த மோதிரம் என்று அந்த வழியில் விற்காத சமாச்சாரம் இல்லை. வாலிப வயதிலிருந்து அதன் நடுவே நடந்து ஆபீஸ் போய் வருகிறவனுக்கு ஒன்று எல்லாவற்றிலும் நம்பிக்கை வந்துவிடும், இல்லையென்றால் ஒன்றிலும் வராது. எனக்கு வரவில்லை. ராத்திரி யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று என் மனைவி எழுப்பினால்கூட, பக்கத்து வீட்டு டிவி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிற ஆள் நான்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அப்பா துறைமுக வேலைக்காக இங்கே வந்தவர், நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தாதான். ஆபீஸுக்கு வருகிற பெங்காலிகளுக்கு நான் 'சந்தானம் தா', அதாவது சந்தானம் அண்ணன். அவர்களுக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வருஷத்துக்கு ஒரு டூர் வேண்டும். வெளிநாட்டு டூர்களுக்கு ப்ரோக்ராம் போடுவது என் பொறுப்பு. எந்த ஊரில் எதைப் பார்ப்பது, எதை விட்டால் பாதகமில்லை, எங்கே பாத்ரூம், எங்கே உட்கார இடம், எல்லாம் நான் சொல்வதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால் நான் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. என் பாஸ்போர்ட் வாங்கின மேனிக்குப் புதுசாக இருக்கிறது. மேப்பைப் பார்த்தது, வீடியோ பார்த்தது, போய்வந்தவர்களைக் குடைந்து குடைந்து கேட்டது, இவ்வளவுதான் என் சரக்கு.

முன்னே ஒரு தடவை எங்கள் க்ரூப்பில் போன பெரியவர் ஒருவர் பாரிஸில் தொலைந்துபோய், போலீஸ் கொண்டுவந்து சேர்த்தது. அதிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் ஆபீஸில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஊரை வாயாலேயே சுற்றிக் காட்டிவிடுவேன். ஹோட்டல் வாசலில் இறங்குங்கள், இடது கைப்பக்கம் திரும்புங்கள், மருந்துக்கடை தெரிகிறதா, அதைத் தாண்டினால் ட்ராம் நிற்குமிடம். முதலாளி தபன் பாபு இதற்கு வாய் டூர் என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்வார், ஆனால் அப்புறம் எங்கள் ஆட்கள் யாரும் தொலையவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த ஊர் இன்ஸ்ப்ரூக். ஆஸ்திரியாவில் இருக்கிறது. சுற்றிலும் ஆல்ப்ஸ் மலை, நடுவில் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் வரிசையாகக் கலர் கலராக வீடுகள். தங்கக் கூரை என்று ஒன்று உண்டு, அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் 'இவ்வளவுதானா?' என்று கேட்பார்கள், ஒரு பால்கனிக்கு மேல் போட்ட சின்னக் கூரை அது, நான் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவேன். ஒரு சர்ச்சில் ஆளை விடப் பெரிய கறுப்பு வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கும், அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் அந்த ஊரின் விசேஷம் அதெல்லாம் இல்லை. தங்கக் கூரையிலிருந்து கொஞ்சம் நடந்தால் மலை ரயில், அதிலிருந்து இறங்கினால் கேபிள் கார், அவ்வளவுதான், காபி குடிக்கிற நேரத்தில் பனிக்கு நடுவில் நிற்கலாம். முட்டிவலிக்காரர்கள், இருதயக்காரர்கள் எல்லோரையும் நான் அங்கேதான் தள்ளிவிடுவேன். மேலே போகும்போது காது அடைக்கும், எச்சிலை விழுங்குங்கள் என்று மட்டும் மறக்காமல் சொல்வேன்.

அப்படி வந்தவர்கள்தான் சுடலைமுத்து சாரும் அவர் மனைவி செண்பகம் அக்காவும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சார் துறைமுக ஆபீஸில் ரிட்டயர் ஆகி, சேத்லாவில் ஃப்ளாட் வாங்கி இருந்தார். ஒரே மகள், நியூ டவுனில் ஐடி கம்பெனி. அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம். இடது பக்கம் பார்வை ஏற்கெனவே போய்விட்டது, வலது பக்கம் இருப்பது எத்தனை நாளைக்கு என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. கண் இருக்கும்போதே பனிமலையைப் பார்த்துவிட வேண்டும், காலால் மிதிக்க வேண்டும், அது ஒன்றுதான் அக்காவின் ஆசை. டார்ஜிலிங் போனால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு தடவை போயிருக்கிறார்கள். இரண்டு தடவையும் மேகம் மூடி, கஞ்சன்ஜங்காவுக்குப் பதிலாக ஹோட்டல்காரன் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

விசா வேலையாக நான் ஒரு நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. படியேறி வரும்போது சார் தன் வீட்டு வாசலில், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஏதோ செய்துகொண்டிருந்தார். பார்த்தால் கோலம். சிக்குக் கோலம், அக்கா போட்டது. அக்காவுக்கு இடது பக்கம் தெரியாததால் அந்த ஓரத்துப் புள்ளிகளைச் சுற்றிக் கோடு வராமல் அப்படியே அம்போ என்று நிற்கும். அவர் முடித்து உள்ளே போனதும் சார் வெளியே வந்து மீதியை இழுத்து மூடுவாராம்.

"சொல்லிராதீங்க தம்பி" என்றார், திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி. "முழுசா போட்டிருக்கோம்னுதான் அவ நெனச்சுக்கிட்டிருக்கா. நாலு கோடு இழுக்கதுல நமக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?"

"உங்க கோடு தனியாத் தெரியுதே சார்."

"ஆமா, அவ கோடு சேமியா. நம்ம கோடு முறுக்கு" என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டார். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போனது. என் மனைவிக்காக நான் குனிந்து எதையும் செய்ததாக ஞாபகமில்லை.

டிக்கெட், விசா எல்லாம் கையில் வந்த பிறகு, கிளம்புகிற வாரத்தில் சாருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். விமானம் கூடாது, உயரம் கூடவே கூடாது. மகள் அம்மாவை மட்டுமாவது தான் கூட்டிக்கொண்டு போய் வருவதாகச் சொன்னாளாம். அவரை விட்டுவிட்டு மலையைப் பார்த்து என்ன செய்ய என்று அக்கா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

டூரை ரத்து செய்ய அக்காவேதான் ஆபீஸுக்கு வந்தார். மகள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். ஏப்ரல் மாதம், பட்டப்பகல், மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஆபீஸில் என்னைத் தவிர யாருமில்லை. கீழே சைத்ர சேல், பெங்காலி வருஷக் கடைசித் தள்ளுபடி வியாபாரம், ஃபுட்பாத்தில் நின்று அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏசி பழுது. மின்விசிறி வெந்நீரை வாரி இறைக்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இருட்டு இல்லை, தனிமை இல்லை, மழை இல்லை, பயப்படுவதற்கு ஒரு ஏற்பாடும் இல்லை.

கையெழுத்தெல்லாம் ஆன பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"தம்பி, எல்லாரையும் கண்ண மூடச் சொல்லி ஊரச் சுத்திக் காட்டுவீங்களாம்லா. எனக்கும் ஒரு தடவ சொல்லிருங்களேன்."

பேனாவை மூடி வைத்தேன். சரி என்று ஆரம்பித்தேன். ஹோட்டலிலிருந்து இறங்குங்கள் அக்கா, பெரிய தெரு, நடுவில் தூண் மேல் மாதா சிலை, நேரே நடங்கள், தங்கக் கூரை வரும், சின்னதாகத்தான் இருக்கும். வலது பக்கம் திரும்பிச் சர்ச்சைத் தாண்டினால் மலை ரயில். பின்பக்கம் பார்த்து உட்காருங்கள், ஊர் கீழே இறங்குவது தெரியும். ஆற்றைத் தாண்டியாயிற்று. இப்போது கேபிள் கார். காது அடைக்கும், எச்சிலை விழுங்குங்கள்.

அதைச் சொல்லும்போது எனக்குக் காது அடைத்தது.

சும்மா அடைக்கவில்லை, இரண்டு காதும் பஞ்சு வைத்த மாதிரி. கீழே சேல்காரர்கள் கத்துவது நின்றுபோனது. நின்றதா, எனக்குத்தான் கேட்கவில்லையா, தெரியாது. விழுங்கினேன், திறக்கவில்லை. ஆனால் அக்காவின் குரல் மட்டும் பக்கத்தில் தெளிவாகக் கேட்டது.

"இங்கயும் காக்கா இருக்கே தம்பி. மூக்கு மஞ்சளா இருக்கு."

காக்காய்க்கு மஞ்சள் மூக்கா? மைனாவை நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மேலே ஒரு பெஞ்ச் இருக்கும் அக்கா, உட்காருங்கள் என்றேன். அவர் அந்த பெஞ்சில் உட்காரவில்லை. இங்கே ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் இருந்தார், ஆனால் "கொஞ்சம் நில்லுங்க" என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, கண்ணை மூடியபடி முன்னால் சாய்ந்து, என் மேஜைக் கண்ணாடி மேல் விரலால் புள்ளி வைத்தார். வரிசையாக வைத்துவிட்டுச் சுற்றி இழுக்க ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன். அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று பட்டது.

முடித்துவிட்டு நிமிர்ந்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "பாத்துட்டேன் தம்பி. நல்ல வெளிச்சம். கண்ணு கூசுது" என்றார். முகம் அப்படி ஒரு தெளிவு. என் காது பட்டென்று திறந்தது, கீழே ஒருவன் சேலை சேலை என்று கத்திக்கொண்டிருந்தான். அவர் கையைப் பிடித்துப் படியிறக்கி விட்டேன். விரல் நுனிகள் ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்த மாதிரி சில்லென்று சிவந்திருந்தன. ரத்த ஓட்டம் சரியில்லாதவர்களுக்கு அப்படி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வெயிலிலா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் துர்கா பூஜைக்குள் அக்காவின் வலது கண்ணும் போய்விட்டது. சார் தேறி நடமாட ஆரம்பித்தார். எப்போதாவது போன் பண்ணுவேன். அக்கா அழுது புலம்பி நான் கேட்டதில்லை. "பாக்க வேண்டியத பாத்தாச்சு" என்பார். என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார் என்று நினைப்பேன்.

அடுத்த ஏப்ரலில் எங்கள் க்ரூப் ஒன்று இன்ஸ்ப்ரூக் போனது. அதில் மிதாலி தி, அதாவது மிதாலி அக்கா, என்று ஒரு ஸ்கூல் டீச்சர். ஐரோப்பாவில் எங்கே போனாலும் மங்கி டுப்பியை, அதுதான் அந்தக் குரங்குக் குல்லாவை, கழற்றாத மகராசி. மலை மேலிருந்து எனக்கு வாட்ஸாப்பில் படம் படமாக அனுப்பினார். ஒரு படத்தில் பெஞ்ச், பெஞ்ச் முதுகில் ஒரு காக்காய். மூக்கு மஞ்சள். அடுத்த படத்துக்குக் கீழே, 'சந்தானம் தா, இந்த ஊரிலும் ஆல்போனா போடுவார்களா?' என்று கேட்டிருந்தார். பெங்காலிகள் வீட்டுத் தரையில் மாவால் போடுவார்களே, அந்த ஆல்போனா.

பனியில் ஒரு கோலம். ஆல்போனா இல்லை, பூவோ கொடியோ இல்லை. விரல் நுனியால் புள்ளி வைத்து, மெல்லிசாகச் சுற்றி இழுத்த சிக்குக் கோலம். இடது ஓரத்துப் புள்ளிகளைச் சுற்றிக் கோடு இல்லை.

நான் உடனே நம்பிவிடவில்லை. தமிழர்கள் எங்கேதான் இல்லை, யாராவது ஒரு அம்மா டூர் வந்த இடத்தில் ஆசைக்குப் போட்டிருப்பார், குளிர் தாங்காமல் பாதியில் விட்டிருப்பார். மிதாலி தியைப் போனில் பிடித்தேன். ராத்திரி முழுக்கப் பனி பெய்ததாம், முதல் கேபிள் காரில் இவர்கள்தான் போனார்களாம், கோலத்தைச் சுற்றி ஒரு காலடிகூடக் கிடையாதாம். அங்கே இருந்த ஊழியரிடம் கேட்டதற்கு அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாராம்.

மனசு கேட்காமல் சாரை மட்டும் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு காபிக் கடைக்கு வரச் சொல்லிப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"அவ போட்டதுதான்" என்றார். அப்புறம் இடது பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "இங்கயும் விட்டுட்டாளே. அம்புட்டு தூரம் போயி யாரு முடிச்சு வைக்கது?" என்று சிரித்தார். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொன்னால் இடது பக்கம் விட்டுப்போனதையும் சொல்ல வேண்டி வரும், வாசல் கோலத்தின் குட்டு வெளிப்பட்டுவிடும். நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட.

அந்த வருஷப் பூஜை முடிந்த கொஞ்ச நாளில் சார் போய்விட்டார். தூக்கத்திலேயே. கேவ்ராதலா சுடுகாட்டுக்கு நானும் போனேன். அக்காவை மகள் நியூ டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுபடியும் ஏப்ரல், மறுபடியும் ஒரு க்ரூப். இந்தத் தடவை நானாக யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, படம் எடுக்கவும் சொல்லவில்லை. ஒரு புதுக் கல்யாண ஜோடி, திரும்பி வந்ததும் இனிப்பு கொடுக்க ஆபீஸுக்கு வந்தவர்கள், போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், பனியில் அதே கோலம். அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. நான் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பக்கம் மெல்லிசுக் கோடு. இடது பக்கம், அந்த அநாதைப் புள்ளிகளைச் சுற்றி, கட்டை விரலால் இழுத்த மாதிரி தடித்தடியாகக் கோடு. கோணல் மாணலாக இருந்தாலும் ஒரு புள்ளி விடாமல் மூடியிருந்தது.

படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பயமா என்றால் பயம் இல்லை, அழுகை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நியூ டவுன் போனேன். மகள் இருப்பது ரொம்ப உயரத்தில், லிஃப்டில் போக வேண்டும். போகும் வழியெல்லாம் சொல்வதா வேண்டாமா என்றுதான் யோசனை. சொன்னால் சார் என்னிடம் வாங்கிய வாக்கு போய்விடும். சொல்லாவிட்டால் அக்காவுக்குச் சேர வேண்டிய ஒன்றை நான் வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மகள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அக்கா சோபாவில் உட்கார்ந்து, டம்ளரைத் தடவி எடுத்து, வெயில் வருகிற ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். சாரைப் பற்றி, ஊரைப் பற்றி, என் பையன் படிப்பைப் பற்றிப் பேசினோம். நான் படத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"தம்பி, இந்த வருஷம் அந்த மலைக்கு யாரும் போனாங்களா?" என்று கேட்டார்.

"போயிட்டு வந்தாங்கக்கா."

"இப்பம் கோலம் முழுசா இருக்கா?"

முதல் படத்தைச் சார் ஒருவேளை சொல்லியிருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது படத்தை அந்த ஜோடியையும் என்னையும் தவிர யாரும் பார்த்ததில்லை, அந்த ஜோடிக்குக் கோலம் இருப்பதே தெரியாது.

"இருக்குக்கா" என்றேன்.

"கோடு முறுக்கு கணக்கா இருக்குமே" என்று சொல்லிவிட்டு அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெனமும் காலைல கதவுக்குப் பின்னால நின்னு, அவுக மூச்சு வாங்குத சத்தத்தக் கேட்டுக்கிட்டுதான் இருப்பேன். தெரியாதுன்னே நெனச்சுக்கிட்டாக."

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. சொல்லிக்கொண்டு வெளியே வந்து லிஃப்டுக்குள் நின்றேன். காது அடைத்தது, இரண்டு காதும், பஞ்சு வைத்த மாதிரி. லிஃப்டில் இறங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அதைத்தான் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் நான் இன்னும் பட்டனை அமுக்கியிருக்கவில்லை, கதவுகூட மூடவில்லை.